வாடகை குறைவு, விலையோ அதிகம்!

தம்பி!

தலைநகரில் வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் தாய் மகிழ்கிறாள், தந்தை நிமிர்ந்து நடக்கிறார், தெருவே வாழ்த்துகிறது. அந்த மகிழ்ச்சி அடங்குமுன்னே அடுத்த கேள்வி எழுகிறது: வேலை அங்கே, வீடு எங்கே?

சம்பளத்தைச் சொன்னதும், விவரமறிந்தவர்களின் விரல் வடக்கு நோக்கி நீள்கிறது. “தண்டையார்பேட்டையில் பார், கிடைக்காவிடில் திருவொற்றியூர், அதுவும் கட்டாதெனில் எண்ணூர், அதற்கும் வழியில்லையா, இருக்கவே இருக்கிறது மீஞ்சூர்!” என்கிறார்கள். இரயில் நிலையங்களின் பெயர்ப்பலகைகளே வருமானத்தின் படிக்கட்டுகளாகிவிட்டன! வருவாய் ஒரு படி இறங்கினால், வண்டியில் இன்னும் இரண்டு நிலையம் தள்ளிப் போய் இறங்க வேண்டும்.

“அவரவர் வசதிக்கேற்ற இடத்தை அவரவர் தேர்ந்தெடுத்துக் கொள்கிறார்கள், இதிலே குறை காண என்ன இருக்கிறது?” என்று கேட்கும் கனவான்கள் உண்டு. தேர்ந்தெடுக்கிறார்களாம்! பந்தியிலே பத்துவகைப் பண்டங்களைப் பரப்பி, ‘வேண்டியதை எடுத்துக்கொள்’ என்றால் அதற்குப் பெயர் தேர்வு. ஒன்பதை அப்புறப்படுத்திவிட்டு, எஞ்சிய ஒன்றைக் காட்டி, ‘உன் விருப்பம்’ என்றால் அதற்குப் பெயர் என்ன? அதைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேச விரும்புகிறேன்.

மீஞ்சூரைத் தாழ்த்துவதற்காக இதை எழுதவில்லை, தம்பி. ஏகாம்பரநாதருக்கும் வரதராசப் பெருமாளுக்கும் கோயில்கள் அமைந்ததால் ‘வடகாஞ்சி’ என்று வழங்கப்பட்ட ஊர் அது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார இரயில் அங்கே நிற்கிறது. வண்டலூரில் புறப்படும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்து முடிவதும் அங்கேதான். தெற்கே எண்ணூர், மணலி ஆலைகள்; வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. அத்திப்பட்டிலோ கும்மிடிப்பூண்டியிலோ உனக்கு வேலை என்றால், மீஞ்சூரில் குடியேறு, தயக்கம் வேண்டாம். ஆனால் வேலை கிண்டியிலும், வீடு மீஞ்சூரிலும் என்றால், பெட்டியைக் கட்டுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்.

பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவனல்ல நான்; கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆயினும் இந்தக் கணக்குக்குக் கூட்டலும் கழித்தலும் போதும். நகருக்குள் வாடகை 9,000 ரூபாய், மீஞ்சூரில் 6,000 என்று வைத்துக்கொள். மிச்சம் 3,000! குடிப்பதற்கு நாளொன்றுக்கு ஒரு கேன் தண்ணீர், 30 ரூபாய் வீதம் மாதம் 900. வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ, போக 10, வர 10; வேலை நாள் 25 என்றால் 500. மூவாயிரம் இப்போது 1,600 ஆகிவிட்டது. போகும்போது ஒன்றரை மணி, வரும்போது ஒன்றரை மணி. மாதத்துக்கு 75 மணி நேரம் வண்டியிலும் நடைமேடையிலும் கழிகிறது. எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் ஒன்பது நாளுக்கும் மேல்! அந்த 75 மணியை நீ 1,600 ரூபாய்க்கு விற்றிருக்கிறாய். மணிக்கு 21 ரூபாய்! எந்த முதலாளியாவது இந்தக் கூலிக்கு உன்னை அழைத்தால் சீறி எழுவாய் அல்லவா? வாடகை அழைத்தது, வாய் திறவாமல் சென்றுவிட்டாய்.

அந்தப் பாதையிலே புறநகர் வண்டி மட்டுமா ஓடுகிறது? வடநாடு செல்லும் விரைவு வண்டிக்கும் வழிவிட வேண்டும். சரக்கு வண்டிக்கும் வழிவிட வேண்டும். நிற்பது சில நிமிடமே. ஆனால் அது அலுவலக வாசலிலே அரைநாள் விடுப்பாக மாறுகிறது. மெட்ரோ இரயில் 2021-இல் விம்கோ நகர் வரை வந்தது; மகிழ்ந்தோம். விம்கோ நகரைத் தாண்டியவன் இன்னும் அந்த ஒற்றை நம்பிக்கையையே பற்றி நிற்கிறான்.

நாடகம் எழுதுகிறவன் நான். ஆகவே, வீடு தேடும் படலத்திலிருந்து ஒரு சிறு காட்சி:

தரகர்: நல்ல வீடு, தம்பி. வாடகை ஆறாயிரம்தான்.

இளைஞன்: அட்வான்ஸ் எவ்வளவு, ஐயா?

தரகர்: ஊர் வழக்கம்தான். பத்து மாதம்.

இளைஞன்: அறுபதாயிரமா! மூன்று மாதம் என்கிறதே சட்டம்?

தரகர்: சட்டம் கோட்டையிலே இருக்கிறது, தம்பி, வீட்டுக்காரர் மாடியிலே இருக்கிறார். எது பக்கம் என்று நீயே பார்த்துக்கொள்!

சிரிப்பு வருகிறதா? சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் சிரிப்பு மறையும். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது அது. ஆனால், வேறுவிதமாக உடன்பாடு இருந்தாலொழிய என்று ஒரு சிறு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீடில்லாதவனும் வீடுள்ளவனும் செய்துகொள்ளும் உடன்பாடு யாருடைய விருப்பப்படி இருக்கும்? ஆடும் புலியும் கலந்து பேசி முடிவெடுத்த கதைதான்!

பணக்கணக்கு இது. தண்ணீர்க் கணக்கு ஒன்று உண்டு. அது இன்னும் கசப்பானது. 1960-களில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் வட்டாரங்களின் நிலத்தடி நீரை ஆராய்ந்து, ஆழ்துளைக் கிணறுகளை அமைத்தார்கள். நகரம் பருகியது, ஆலைகள் பருகின. எடுத்த அளவு மிகுந்தபோது கடல் சும்மாயிருக்குமா? வெற்றிடம் தேடி நிலத்துக்கடியில் உள்ளே நுழைந்தது. கடலோரத்திலிருந்து பல கிலோமீட்டர் தூரம் கிணறுகள் உவர்ப்பேறின. 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எழுந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆற்றலுடையது. சென்னையின் தாகம் தணிக்க வந்த அந்த ஆலைக்கு மீஞ்சூர் ஆலை என்றே பெயர். பெயரை நகருக்குத் தந்த ஊரில், தெருமுனையிலே கேன் வண்டி நிற்கிறது!

காற்றையும் கேள். வல்லூர் அனல்மின் நிலையம் மட்டும் 1,500 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையம் அத்திப்பட்டிலே. வெளிச்சம் மாநகரெங்கும் விரிகிறது. சாம்பலோ இங்கேயே தங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, எண்ணூர் முகத்துவாரத்து மீனவனின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தருகே அம்மோனியா கசிந்து, உறக்கத்திலிருந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாடகை ஏன் மலிவு என்று கேட்டாயே தம்பி, அந்த இரவு சொல்லிற்று விடை!

இது சென்னையில் மட்டும் முளைத்த நோயன்று. 1853 முதல் ஓஸ்மான் என்ற ஆட்சியாளர் பாரிஸ் நகரை அழகுபடுத்தினார். அகன்ற வீதிகள் பிறந்தன. அங்கே வாழ்ந்த உழைப்பாளர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். 1872-இல் எங்கெல்ஸ் அதைச் சுட்டிக்காட்டி, வசதி படைத்தோர் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, வேறிடத்துக்கு நகர்த்துகிறார்கள் என்று எழுதினார். நம் தலைநகரிலே, 1970-இல் பிறந்த குடிசை மாற்று வாரியம் தொடக்க காலத்தில், குடிசையிருந்த இடத்திலேயே அடுக்ககம் கட்டியது. 2000-க்குப் பிறகோ கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தூரம் வளர்ந்தது. கூரை கிடைத்தது, வீட்டுவேலை செய்து பிழைத்த தாய்மார் பலருக்கு வேலை பறிபோனது. 2021-இல் வாரியத்தின் பெயர் மாறியது, தூரம் மாறவில்லை.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. முதல் உலகப் போரில் நொறுங்கிய வியன்னா நகரம், 1923-இல் வீட்டுவரி விதித்து, ஆடம்பர மாளிகைமீது பெருஞ்சுமையும் சிறுவீட்டின்மீது சிறுசுமையும் ஏற்றி, 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளை உழைப்பாளருக்குக் கட்டியது. அவற்றுள் புகழ்பெற்ற கார்ல் மார்க்ஸ் குடியிருப்பிலே 1,382 வீடுகள். சலவைக்கூடமும் குழந்தைப் பள்ளியும் நூலகமும் உள்ளேயே. அது எழுந்தது ஊருக்கு வெளியே எங்கோ அல்ல, இரயில் நிலையத்தின் எதிரில்!

இங்கும் முடியும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மகளிர் கட்டணமின்றிச் செல்கிறார்கள். அரசு எண்ணினால் தூரத்தின் விலையைக் குறைக்க இயலும் என்பதற்கு அது சான்று. ஆகவே, 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் பெருந்திட்டத்திலே நாம் கேட்க வேண்டியவை இவை: நகருக்குள் இரயில் நிலையங்களை ஒட்டிய பொது நிலத்தில், எளியவர்க்கு வாடகை வீடுகள். கும்மிடிப்பூண்டிப் பாதையில் புறநகர் வண்டிக்கென்றே தனித் தடம். மீஞ்சூர்த் தெருவுக்கு நாள்தோறும் குடிநீர். பழைய சாம்பலை அகற்றாமல் புதிய புகைபோக்கி இல்லை என்ற உறுதி. வாடகைச் சட்டத்தில் திறந்து கிடக்கும் அந்தச் சிறு வாசலுக்கு ஒரு பூட்டு.

அதுவரை நீ என்ன செய்வாய்? வீடு பார்க்க ஞாயிறு பகலில் போகாதே; வேலை நாள் மாலையில், நெரிசல் வண்டியில் போ. குழாய் நீரை நாவில் இட்டுப் பார். சன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார். மழைநீர் சென்ற ஆண்டு எதுவரை ஏறிற்று என்று அண்டைவீட்டு அக்காவைக் கேள், தரகரைக் கேளாதே. இரவு ஒன்பது மணிக்கு உன் தங்கை நிலையத்திலிருந்து தனியே நடந்துவரத்தக்க வெளிச்சம் இருக்கிறதா என்று நடந்து பார். முன்பணம் கொடுத்தால் எழுத்தில் வாங்கு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்.

குடியேறிய பின்னும் ஓய்ந்துவிடாதே. வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்று. ஊர்க் கூட்டத்துக்குப் போ. குடிநீருக்கும் இரயிலுக்கும் குரல் கொடு. மலிவான இடம் தேடி வந்தவன்தானே என்று உன்னை மலிவாக எடைபோட எவனுக்கும் உரிமையில்லை!

மாநகரைக் கட்டிய கரங்களுக்கு மாநகரிலே இடமில்லை என்றால், தம்பி, அந்த நகரம் வளர்ந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?