காணி தேடும் கருவி: எதை வாங்குவது, எதை விடுவது

இடம்பெயர்ந்த குடும்பங்களிடமிருந்து ஒரு கேள்வி எமக்குத் திரும்பத் திரும்ப வருகின்றது. கைத்தொலைபேசியோடு கம்பியில்லாமல் இணையும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வாங்கினால், பற்றைக்குள் மறைந்துபோன எங்கள் காணியின் எல்லையைக் கண்டுபிடிக்கலாமா? சங்கத்துப் பணத்தில் ஒன்று வாங்கலாமா?

கேள்வி நியாயமானது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய மக்களுக்குக் காணிகள் துண்டு துண்டாகவே திரும்பக் கிடைத்தன. போய்ப் பார்த்தவர்கள் வேலியைக் காணவில்லை, ஒழுங்கையைக் காணவில்லை. சில இடங்களில் வீட்டின் அத்திவாரமும் இல்லை. வன்னியில் திரும்பிச் சென்றோர் பலருக்கும் இதே கதைதான். இந்த நிலையில் ஒரு கருவி வழிகாட்டும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். இடத்தைச் சென்றடைய உங்கள் கையிலுள்ள தொலைபேசியே போதும். எல்லை போடுவதற்கு, சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் கருவி எதுவும் போதாது. இரண்டுக்கும் நடுவிலுள்ளதை வாங்குவதுதான் வீண் செலவு.

ஏன் என்று பார்ப்போம். ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் செய்மதித் தொகுதி. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் நேரத்தைச் சொல்லும் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால், கருவி தான் நிற்கும் இடத்தைக் கணித்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. தவறு நூறு மீற்றர் வரை போகும். அது நிறுத்தப்பட்ட பின்னரே இக்கருவிகள் சாதாரண மக்களுக்குப் பயன்பட்டன. அக்காலத்தில் உள்ளங்கைக் கணனிகளில் ஜி.பி.எஸ். பெரும்பாலும் இருக்கவில்லை. ஆகவே தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கருவியைத் தனியே வாங்கி, புளூடூத் மூலம் இணைத்து, வரைபட மென்பொருளையும் வேறாக வாங்க வேண்டியிருந்தது. இன்று அவையெல்லாம் தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டன. அமெரிக்கச் செய்மதிகளோடு ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளையும் இன்றைய தொலைபேசிகள் பல பயன்படுத்துகின்றன.

அப்படியிருந்தும், திறந்த வெளியில் தொலைபேசியின் தவறு சுமார் 5 மீற்றர். மாமரத்தின் கீழோ மதிலின் ஓரத்திலோ நின்றால் இன்னும் கூடும். இதை எமது அளவையில் வைத்துப் பாருங்கள். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். சதுரமான துண்டாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீற்றரும் வராது. அதில் ஒரு மூலை 5 மீற்றர் விலகினால், பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அடுத்தவர் வளவுக்குள் போய்விடும். வேலிக் கதியால் ஒரு முழம் தள்ளி நட்டதற்கே வழக்குப் பேசிய ஊர்கள் எமது ஊர்கள். தொலைபேசியில் தெரியும் நீலப் புள்ளியை நம்பிக் கட்டை அடித்தால் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ஐந்து ஏக்கர் வயலென்றால் கதை வேறு. அதன் பக்கம் 140 மீற்றருக்கு மேல். அங்கே விதைநெல்லுக்கும் பசளைக்கும் கணக்குப் பார்க்கத் தொலைபேசி தாராளமாகப் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வரம்பைச் சுற்றி ஒரே நடையில் நடந்து முடியுங்கள். குறுகிய நேரத்துக்குள் ஏற்படும் தவறு பெரும்பாலும் ஒரே பக்கமாகவே சாயும். பரப்பளவு அதிகம் கெடாது. ஒரு மூலையை இன்றும் மறு மூலையை நாளையும் பதிந்தால் கெடும்.

இனிக் கடைக்காரர் காட்டும் புளூடூத் கருவிகள். இவற்றுள் பல, வழி காட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் நுட்பம் நல்ல தொலைபேசியைவிடப் பெரிதாக உயர்ந்ததன்று. அதற்காகச் சங்கத்தின் சேமிப்பைக் கரைக்க வேண்டாம். சென்ரிமீற்றர் அளவுக்குச் சரியாகக் காட்டும் கருவிகளும் உண்டு. அசையாத ஓரிடத்தில் ஒரு கருவி நின்று திருத்தத்தை அனுப்ப, கையிலுள்ள மற்றது வானொலி மூலமோ இணையம் மூலமோ அதைப் பெறும். ஆனால் நிலையாக நிற்கும் கருவியைச் சரியான அளவை தெரிந்த புள்ளியில் வைக்காவிட்டால், முழு வளவும் உருவம் மாறாமல் அப்படியே ஒரு பக்கம் நகர்ந்துவிடும். இது நில அளவையாளரின் தொழில். கருவிக்குப் போடும் பணத்தை, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, பதிவுபெற்ற நில அளவையாளர் ஒருவரை ஒரே தடவையில் அழைக்கப் பயன்படுத்துவதே மேல் என்பது எமது அபிப்பிராயம். பிரதேச செயலகத்திலும் நீதிமன்றத்திலும் அவருடைய வரைபடம் நிற்கும். தொலைபேசிப் படம் நிற்காது.

வெளிநாட்டு உறவினர் யாராவது கருவி ஒன்றை அனுப்பி வைத்தால், பாவிக்குமுன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். முதலாவது, அது உங்கள் தொலைபேசியோடு சேருமா என்பது. ஐபோன் எல்லாப் புளூடூத் ஜி.பி.எஸ். கருவிகளையும் ஏற்காது. அன்ட்ரொய்ட் தொலைபேசியிலும் பலவற்றுக்குத் தனி அமைப்பு ஒன்றை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது, எண்களின் வகை. பழைய நில அளவைப் படங்களின் எண்கள், நீர்கொழும்புப் பக்கத்துக் கண்டவல என்ற இடத்தை வைத்துப் பெயரிட்ட பழைய முறையைச் சேர்ந்தவை. கிளிநொச்சிக் கண்டாவளை அன்று! 1999இல் புதிய முறை வந்தது. தொலைபேசி காட்டுவதோ உலகப் பொது முறை. ஒன்றை மற்றதென்று எண்ணிக்கொண்டால் நூறு மீற்றருக்கு மேல் விலகி, அடுத்த குறிச்சியில் போய் நிற்பீர்கள்.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஓஸ்ம்ஆண்ட், ஒர்கானிக் மெப்ஸ் ஆகியவற்றை இலவசமாகப் பெறலாம். பட்டணத்தில் இணையம் உள்ள இடத்தில் வரைபடத்தை இறக்கி வைத்தால், சமிக்ஞைக் கோபுரம் இல்லாத காட்டுக்குள்ளும் அவை வேலை செய்யும். பதிந்த புள்ளிகளை வெளியே எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க முடியாத மென்பொருளை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

வரைபடம் காட்டும் கோட்டைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம். மிதிவெடி இருக்கிறதா இல்லையா என்பது செய்மதிக்குத் தெரியாது. சிவப்புப் பலகையோ நாடாவோ உள்ள இடத்திலும், மிதிவெடி அகற்றி உறுதிப்படுத்தாத பற்றையிலும், குறுக்கு வழி என்று எந்த மென்பொருள் சொன்னாலும் கால் வைக்காதீர்கள்.

நிறுவனங்களின் ஊழியர்கள் வந்து, கிணற்றடியில் நின்று புள்ளி எடுத்துக்கொண்டு போவதைக் கண்டிருப்பீர்கள். அந்த எண்கள் எங்கே போகின்றன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் போவது சரியன்று. கொடுக்காவிட்டால் நீங்களே எடுங்கள். கிணறு இடம் மாறாது. பழைய வரைபடங்கள் பலவற்றில் அது குறிக்கப்பட்டும் இருக்கும். அதன் அருகே திறந்த வெளியில் சில நிமிடம் நின்று, எண்களைத் தசம முறையில் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீற்றர். அதற்கு மேல் எழுதிப் பயனில்லை. திகதியையும் சேர்த்து, உறுதியின் நிழற்பிரதியின் பின்புறத்தில் குறித்து வையுங்கள்; மூல உறுதியில் எழுத வேண்டாம். பின்னர் அந்தப் புள்ளியைக் கனடாவிலோ திருச்சியிலோ இருக்கும் பெரியப்பாவுக்கு அனுப்பி, கிணற்றிலிருந்து கிழக்கு வேலிக்கு எத்தனை பாகம் என்று, அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.