ஆயிரம் பிறைக்கு எத்தனை வருஷம்?

வீட்டில் தாத்தாவுக்கு எண்பது நெருங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பஞ்சாயத்து தொடங்கிவிடும். சதாபிஷேகத்தை எண்பது முடிந்ததும் வைப்பதா, 80 வருடம் 8 மாதத்திலா, 81 பிறக்கும்போதா? துபாய் மகனுக்கு லீவு கிடைக்க வேண்டும், திருக்கடையூரில் தங்க இடம் கிடைக்க வேண்டும். ஆளுக்கொரு தேதி சொல்வார்கள்.

'ஆயிரம் பிறை கண்டவர்' என்பதுதானே இதற்கு அடிப்படை? பிறையை நாளாக்கி, நாளை வருஷமாக்கிப் பார்த்துவிடுவோம்.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.5306 நாள். ஆயிரம் பிறைக்கு ஏறக்குறைய 29,531 நாள். இதை வருஷமாக்கச் சொன்னால் கை தானாக 365-ஆல் வகுக்கப் போகும். 80 வருடம் 331 நாள் என்று விடை வரும். இதில் 20 நாள் பிசகு இருக்கிறது. 80 வருடத்தில் பிப்ரவரி 29 இருபது தடவை வந்து போயிருக்குமே! அதனால் 80 வருடம் என்பது 29,200 நாள் அல்ல, 29,220 நாள். அது போக மிச்சம் 311 நாள். அதாவது 80 வருடம், 10 மாதம், கூடவே ஒரு வாரம்.

அப்படியானால் அந்த 8 மாதம் எங்கிருந்து வந்தது? 5 வருடத்துக்கு 2 அதிக மாதம் என்று வைத்துக்கொண்டால், 5 வருடத்துக்கு 62 பிறை. 80 வருடத்துக்கு 992. இன்னும் 8 சேர்த்தால் ஆயிரம். மனக்கணக்குக்கு அழகான வழிதான். ஆனால் அதிக மாதம் அவ்வளவு அடிக்கடி வருவதில்லை. 19 வருடத்துக்கு 7 தான். அந்தக் கணக்கில் 80-வது பிறந்தநாளன்று ஒருவருக்கு ஆகியிருப்பது சுமார் 989 பிறை. பதினொன்று பாக்கி. (ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிறையே கண்ணில் படாத மாதங்களையும் கழித்தால் யாருக்கும் ஆயிரம் தேறாது. அதை விட்டுவிடுவோம்.)

சுதந்திரம் கிடைத்த அன்றே, 1947 ஆகஸ்ட் 15-ல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2027 ஆகஸ்ட் 15-ல் எண்பது முடிகிறது. ஆயிரம் பிறை நிறைவது 2028 ஜூன் 21-ல். அவர் பிறந்தது அமாவாசைக்கு முந்தைய நாள்; இந்த ஜூன் 21-ம் அமாவாசைக்கு முந்தைய நாள்தான். கணக்கு சரி என்பதற்கு நிலாவே சாட்சி.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பார்க்க, போனில் கூகுள் ஷீட்ஸைத் திறந்து ஒரு கட்டத்தில் பிறந்த தேதியைப் போட்டு, அதோடு 29531-ஐக் கூட்டுங்கள். லீப் வருடத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அதற்காக, எண்பது முடிந்ததுமே நாள் குறித்துவிட்டவர்கள் மண்டபத்தை ரத்து செய்ய வேண்டாம். பத்து மாதம் என்பது நமக்குத்தான் சின்னது. எண்பது வயது முழங்காலுக்கு அது நீண்ட காலம். தாத்தா தானே நடந்து வந்து மணையில் உட்கார முடிகிறபோது செய்வதே நல்லது என்பேன். குடும்பத்தின் மூத்தவர்கள் பத்து மாதம் பொறுக்கலாம் என்றால், முதலில் அவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. இந்த விசேஷத்துக்கு வழக்கமாகக் கணவரின் வயதைத்தான் எண்ணுகிறோம். தாத்தா முன்பே போய்விட்ட வீடுகளில், பாட்டிக்கு ஆயிரமாவது பிறை வந்து போனதே யாருக்கும் தெரிவதில்லை. சடங்கு வேண்டாம், பேரன் பேத்திகள் கூடி ஒரு பாயசம் வைக்கத் தடையேது?

பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது, ஆதாரில் இருப்பது யாரோ குத்துமதிப்பாகப் போட்டது என்கிறீர்களா? தமிழ் வருடமும் மாதமும் தெரிந்தாலே போதும். சர்வசித்து வருடம் மாசி என்று பாட்டி சொன்னால், அது 1948 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. அவருக்கு ஆயிரம் பிறை 2028 டிசம்பர் 20-க்கும் 2029 ஜனவரி 18-க்கும் இடையில் நிறைகிறது. மார்கழியில் விசேஷம் வைக்கத் தயங்குகிறவர்கள், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதே பாயசத்தையும் வைத்துக்கொள்ளலாம்.