கலைஞனின் வறட்சியும் பயிற்சியின் பணியும்

கலைஞனொருவன் படைக்க இயலாது போகும் நிலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராகவே பிரிந்து நிற்பர். கலையாற்றல் பிறப்போடு வருவது, வந்தவாறே போகவும் செய்யும், போனதை எவரும் பயிற்றி மீட்க முடியாது என்பர் ஒரு சாரார். ஆற்றல் ஒவ்வொருவருள்ளும் அழியாது உறைகின்றது, தன்னம்பிக்கை வாய்த்துவிட்டால் அது தானே பெருக்கெடுக்கும் என்பர் மறு சாரார். முன்னவர் கலைஞனைக் கைவிடுகின்றனர். பின்னவர் அவனுக்கு ஆறுதலை விற்கின்றனர். இவை ஒன்றுக்கொன்று பகையான கொள்கைகள் போலத் தோன்றினும் இரண்டின் அடிப்படையும் ஒன்றே. கலையைத் தொழிலிலிருந்தும் தொழிலைச் சமூக வாழ்விலிருந்தும் பிரித்து, தனிமனித உள்ளத்துள் அடைத்து நோக்குவதே அவ்வடிப்படை.

வறட்சியுற்ற கலைஞனுக்குப் பயிற்சி உதவுமா என்னும் வினாவுக்கு உதவும் என்பதே விடை. ஆயினும் எல்லாப் பயிற்சியும் உதவுவதில்லை. தன் கலையின் மூலப்பொருளோடும், உடன் தொழிற்படுவாரோடும், தன்னைச் சூழ்ந்த வாழ்வோடும் கலைஞனை மீண்டும் பிணைக்கும் பயிற்சி மாத்திரமே அவனை மீட்கவல்லது. பிற யாவும் ஆறுதலாகவோ அடிமைப்படுத்தலாகவோ முடியும். இதனை மறுப்போரின் வாதங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பட வேண்டியவை.

பிறவி மேதைமையே யாவும் என்போர் முதலில் ஸ்ரனிஸ்லவ்ஸ்கிக்கு விடை கூறுதல் வேண்டும். 1898 ஆம் ஆண்டு நெமிரோவிச் டன்செங்கோவுடன் இணைந்து மொஸ்கோ கலை அரங்கினைத் தோற்றுவித்த அவர், 1906 ஆம் ஆண்டளவில் ஐரோப்பா அறிந்த நடிகர். வயது நாற்பத்து மூன்று. அவ்வாண்டு குழுவினரோடு ஐரோப்பியச் சுற்றுலாவை முடித்துப் பின்லாந்தில் ஓய்விலிருந்தபோது, தம் நடிப்பு உயிரற்றுப் போனதை அவர் உணர்ந்தார். அவருக்கு மிகவும் உவப்பான பாத்திரம் இப்சனின் ‘மக்கள் விரோதி’யில் வரும் டொக்டர் ஸ்ரொக்மன். விரைந்த நடையும், முன்னோக்கி வளைந்த உடலும், நீட்டிய இரு விரல்களும் அப்பாத்திரத்தின் அடையாளங்கள். மேடையில் அவை ஒவ்வொரு நாளும் பிசகாது வந்தன. ஆனால் அவற்றை முதலிற் பிறப்பித்த உணர்வு வரவில்லை. விரல்கள் நீண்டன, அவற்றுக்குப் பின்னே மனிதன் இல்லை.

அவர் செய்தது யாது? அருள் அகன்றதென்று மேடையைத் துறக்கவுமில்லை. தாம் மாமேதை என்று தமக்குத்தாமே சொல்லிக் கொள்ளவுமில்லை. அப்பாத்திரத்தின் உறுப்புகள் எங்கிருந்து வந்தன என்று தேடினார். நிஜ வாழ்வில் தாம் கண்ட மனிதரிடமிருந்தே அவை தம்மையறியாமல் வந்தன என்பதையும், அந்த விரல்கள் தாம் அறிந்த ஓர் அறிஞருக்குரியவை என்பதையும் கண்டுகொண்டார். வாழ்விலிருந்து பெறப்பட்ட வடிவம் வாழ்வோடு தொடர்பறுந்து, பழக்கமாக இறுகிவிட்டமையே வறட்சியின் காரணம் என்பது இதனாற் புலப்படுகின்றது. இக்கண்டுபிடிப்பே பின்னர் உலக நாடகப் பயிற்சியை மாற்றிய முறைமையின் வித்தாயிற்று. 1912 இல், சுலர்சிற்ஸ்கியின் துணையுடன் அவர் அமைத்த முதலாம் ஸ்ரூடியோ, மேடையேறி அன்றாடம் கைதட்டுப் பெறும் கடமையிலிருந்து நடிகனைச் சற்று விடுவித்து, தேடவும் தவறவும் இடமளித்தது. பயிற்சி தொடக்க மாணவர்க்கு மாத்திரம் உரியது எனக் கருதுவோர், புகழின் நடுவில் நின்ற ஒரு நடிகரே தம்மை மீண்டும் மாணவராக்கிக் கொண்டார் என்பதை மனங்கொள்ளுதல் நலம்.

இனி, தன்னம்பிக்கை வாதிகளை நோக்குவோம். இவர்கள் இன்று முன்னெப்போதையும்விடப் பெருகியுள்ளனர். சில நாட் பயிலரங்குகளிலும் கட்டண வகுப்புகளிலும், தன் உள்ளத்தை உற்று நோக்குமாறும் தன்னைத் தானே பாராட்டிக் கொள்ளுமாறும் கலைஞனுக்குக் கற்பிக்கின்றனர். இவர்களுக்குச் சான்றாகக் கிடைக்கத்தக்கவர் இசையாக்குநர் ரக்மானினொவ். 1897 இல் அவரது முதலாவது சிம்பனி அரங்கேறித் தோல்வியுற்றது; கடுங்கண்டனத்துக்குள்ளான அவ்விளைஞர் மூன்று ஆண்டுகளாகப் பெரிய ஆக்கமெதனையும் படைக்க முடியாதிருந்தார். 1900 ஆம் ஆண்டின் முற்பகுதியில் நிக்கொலாய் டால் என்னும் மருத்துவர், சில மாதங்களாக அன்றாடம் அவரை அமர்த்தி, அறிதுயிலூட்டியும் உரையாடியும் ஊக்கமளித்தார். அதன் பின் எழுந்ததே இரண்டாவது பியானோக் கொன்சேட்டோ. 1901 இல் முழுமையாக அரங்கேறிய அதனை ரக்மானினொவ் அம்மருத்துவருக்கே காணிக்கையாக்கினார். உள்ளத்தைத் தேற்றியமையாலன்றோ கலை மீண்டது என்று இவர்கள் வினவலாம்.

வினா நியாயமானதே, உள்ளம் சோர்ந்தவனுக்கு ஊக்கம் வேண்டியதில்லை என எவரும் கூறார். ஆனால் அவ்வூக்கம் எதன்மீது தொழிற்பட்டது என்பதை இவர்கள் மறைத்து விடுகின்றனர். ரக்மானினொவ் மொஸ்கோ இசைக்கழகத்தில் பயின்று 1892 இல் தங்கப் பதக்கத்தோடு வெளியேறியவர். படைப்பு நின்ற அவ்விடைக்காலத்திலும் அவர் இசையை விட்டு விலகவில்லை. மாமொன்ரொவின் தனியார் ஒப்பராவில் இசைநடத்துநராகப் பணிபுரிந்து, பாடகரோடும் வாத்தியக்காரரோடும் நாளாந்தம் உழைத்தார். டால் தாமும் இசை பயின்றவர். சுரங்களை இசைவிக்கும் திறனை அறிதுயில் கற்பிக்கவில்லை. கற்று வைத்திருந்த கை மீண்டும் அசைவதற்குத் தடையாயிருந்த அச்சத்தையே அது நீக்கிற்று. கையில் தொழில் இல்லாதவனுக்கு ஊட்டப்படும் நம்பிக்கை, விதையில்லா வயலுக்குப் பாய்ச்சும் நீரையே ஒக்கும். மேலும், அம்மருத்துவர் மாதக்கணக்காக அன்றாடம் ஒருவரோடு அமர்ந்தார். ஓரிரு நாட்களில் நூறு பேரை ஒரு மண்டபத்திலிருத்தி நிகழ்த்தப்படும் ஊக்க உரைகளுக்கு அவரைச் சான்று காட்டுதல் அறமாகாது.

மூன்றாவது மறுப்பொன்று உண்டு. அதுவே வலிமை மிக்கது. பயிற்சியே கலைஞனைக் கொல்கின்றது, ஆசானின் அச்சில் வார்க்கப்பட்டவன் தன் முகத்தை இழக்கின்றான் என்பது அது. இதனை எளிதிற் புறந்தள்ள இயலாது. அமெரிக்க நடிகை ஸ்ரெல்லா அட்லரின் அனுபவம் இதற்குச் சான்றாகும். நாடகக் குடும்பத்திற் பிறந்து சிறு வயதிலேயே மேடையேறிய அவர், 1930களில் நியூயோர்க்கின் குறூப் தியேட்டரில் லீ ஸ்ராஸ்பேர்க்கிடம் பயிற்சி பெற்றார். நடிகன் தன் கடந்தகாலத் துயரங்களைக் கிளறி, அவ்வுணர்ச்சியை மேடையில் வரவழைத்தல் வேண்டும் என்பது ஸ்ராஸ்பேர்க்கின் அழுத்தம். ஸ்ரனிஸ்லவ்ஸ்கியின் பெயராலேயே இது போதிக்கப்பட்டது. அதன் விளைவாக அட்லர் தாம் நேசித்த நடிப்பையே வெறுக்கலானார். 1934 இல் பாரிஸ் நகரில் ஸ்ரனிஸ்லவ்ஸ்கியை நேரிற் கண்டபோது இதனை அவரிடமே முறையிட்டார்.

முதியவரும் நோயாளருமாயிருந்த அவ்வாசான் சினந்து கொள்ளவில்லை. சில வாரங்கள் அந்நடிகையோடு அமர்ந்து, அவருக்குத் தொல்லை கொடுத்த காட்சியொன்றை எடுத்துப் படிப்படியாகப் பயிற்றினார். சொந்தத் துயரைக் கிளறுவதை விடுத்து, நாடகம் தரும் சூழ்நிலை யாது, அச்சூழ்நிலையில் அப்பாத்திரம் செய்ய முனைவது யாது என்று வினவுமாறு அவர் வழிகாட்டினார். தன்னுள்ளேயே தோண்டிக் களைத்த நடிகையின் கண்களை வெளியே, செயலை நோக்கித் திருப்பினார். அட்லர் நியூயோர்க் திரும்பி ஸ்ராஸ்பேர்க்கின் முறையை வெளிப்படையாக மறுத்துரைத்தார். பின்னர் தாமே தலைமுறைகளைப் பயிற்றிய ஆசிரியையும் ஆனார். பயிற்சி கொல்லும் என்பதும் உண்மை, பயிற்சி உயிர்ப்பிக்கும் என்பதும் உண்மை எனக் காட்டும் நிகழ்ச்சி இது. கொன்றது அகத்துள்ளே அடைக்கும் பயிற்சி. உயிர்ப்பித்தது செயலுக்குத் திருப்பும் பயிற்சி. தம் பழைய முறையைத் தாமே திருத்திக் கொள்ளும் துணிவு ஆசானுக்கு இருந்தமையும் கவனிக்கத்தக்கது. இறுகிய நடிகனை மீட்கவல்லவன் தான் இறுகாத ஆசானே.

இவை மேனாட்டுச் செய்திகள், இந்நாட்டுக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்போர்க்குப் பேராதனையே விடை கூறும். எதிரிவீர சரச்சந்திர நெடுங்காலம் மொலியேர், கொகொல் போன்றோரின் நாடகங்களைத் தழுவிச் சிங்கள மேடைக்கு ஆக்கியவர். அவ்வழி ஓரெல்லைக்கு மேல் அவரை இட்டுச் செல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்ற ஓர் ஆசானிடம், நாடகம மரபில் வந்த சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயிடம், அவரும் அவருடைய மாணவரும் சென்றனர். 1956 இல் ‘மனமே’ பிறந்தது. மேனாட்டு நாடகத்தைக் கற்றுத் துறைபோன பேராசிரியரின் படைப்பாற்றல், கிராமத்து ஆசானின் பாட்டோடும் மத்தளத்தோடும் சேர்ந்தபோதே தன் மொழியைக் கண்டது. அந்நாடகம மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் செய்தி.

தமிழ்ப் பக்கத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதனையே செய்தார். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் ஆட்டமும் பாட்டும் பல்கலைக்கழக மாணவரின் உடல்களிற் பயிலப்பட்டு, 1962 இல் ‘கர்ணன் போர்’ அரங்கேறியது. தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியன வந்தன. அப்பயிற்சியிலிருந்து வெளிப்பட்ட சி. மௌனகுரு போன்றோர் ஆசானின் நகல்களாக நின்றுவிடவில்லை. கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் கொண்டு ‘சங்காரம்’ போன்ற புதிய பொருளுடைய நாடகங்களை ஆக்கினர். அச்சில் வார்க்கப்பட்டவன் முகமிழப்பான் என்போர்க்கு இதுவே மறுமொழி.

அண்ணாவியாரின் முறையைச் சற்று ஆழ்ந்து நோக்குவோர்க்குப் பயிற்சியின் இலக்கணமே அதில் விளங்கும். ஊர் கூடிச் சட்டம் கொடுத்தல், மாதக்கணக்கான களரிப் பயிற்சி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என அது படிநிலைகளாக அமைந்தது. அண்ணாவியார் ஆட்டக்காரனின் உள்ளத்தை விசாரிப்பதில்லை. அவன் காலைத் தாளக்கட்டில் நிறுத்துகின்றார். உணர்ச்சி காலின் வழியே வருகின்றது. அரங்கேற்றத்தன்றும் அவர் சபையோரோடு அமர்ந்து தீர்ப்புக் கூறுவதில்லை. களரியிலேயே நின்று, ஆடுவோன் பாட்டைப் பிற்பாட்டுக்காரரோடு சேர்ந்து பாடித் தாங்குகின்றார். மூச்சு முட்டும் ஆட்டக்காரனுக்கு அக்குரல் ஊன்றுகோல். ஆடுவோனும் பார்ப்போனும் ஒரே ஊரவர். அவன் தளர்ந்தால் ஊரே அறியும், மீண்டால் ஊரே மகிழும். தனிமையில் வாடும் நவீன கலைஞனுக்கு இல்லாது போனது இவ்வுறவே. இம்முறையில் குறைகளும் உண்டு. சாதியும் ஆண்மேலாண்மையும் களரியில் யார் ஆடலாம் என்பதை வரையறுத்தன. கேள்வி கேளாது பின்பற்றுமாறு வற்புறுத்திய ஆசான்களும் இருந்தனர். அக்குறைகளைக் களைந்து கொள்வதே அறிவுடையோர் செயல். குறை கூறி முறையையே களைதல் அன்று.

இவ்வளவும் கண்முன் இருக்கையில் கல்வியுலகம் செய்வது யாது? கூத்துப் பாடத்திட்டமாயிற்று, அதற்கு வினாத்தாள் வந்தது, புள்ளி வந்தது. பாடசாலைப் போட்டிகளில் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக அது ஆடப்படுகின்றது. பரிசு கிடைத்ததும் சதங்கை பெட்டிக்குள் போகின்றது. இளம் வயதில் ஓரிரு தொகுதிகள் வெளியிட்டு முப்பது வயதில் மௌனமாகிவிட்ட கவிஞர் எத்தனை பேர்! ஆசிரியத் தொழிலின் சுமையில் தூரிகையைக் கைவிட்ட ஓவியர் எத்தனை பேர்! இவர்களைச் சோம்பேறிகள் என்று ஏளனம் செய்யும் விமர்சகர், இவர்கள் திரும்பி வந்து தவறுவதற்கும் தேடுவதற்கும் ஓர் இடம் உண்டா என்று கேட்டதில்லை. தொடங்குவோனுக்கு வகுப்பு உண்டு. முடித்தவனுக்குப் பாராட்டு விழா உண்டு. இடைவழியில் நின்றுவிட்டவனுக்கு எதுவுமில்லை. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரியின் களப்பயிற்சிகள் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றன. அம்முயற்சி ஏனைய கலைகளுக்கும் விரிந்திருத்தல் வேண்டும்.

ஆதலின் பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கவை தெளிவானவை. அண்ணாவிமாரை விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்புவதை விடுத்து, ஊதியமும் உரிமையும் உடைய ஆசான்களாக அமர்த்துதல் வேண்டும். தேர்வும் புள்ளியும் இல்லாத களரிகளை, ஏற்கனவே படைத்து நின்றுபோனவர்க்கெனத் திறத்தல் வேண்டும். கவிஞனும் ஓவியனும் ஆட்டக்காரனும் ஒருவரது தொழிலை மற்றவர் கண்ணாற் காணும் வாய்ப்பு அங்கே அமைதல் வேண்டும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஓர் அறையும், பொறுமையுள்ள ஓர் ஆசானும், ஆண்டொன்றின் மாலைப் பொழுதுகளும் போதும்.

கலைஞன் வற்றுவது அவனது குற்றமன்று. அவன் வற்றியதைக் கண்டும் வாளாவிருத்தல் சமூகத்தின் குற்றம். அவனைத் தேற்றுவதாற் பயனில்லை, அவனை வியப்பதாலும் பயனில்லை. சதங்கையை எடுத்து அவன் கையிற் கொடுத்து, பின்னின்று பாடுவதற்கு ஒருவர் வேண்டும்.