இருபத்தொன்பதில் நின்றுவிட்ட பட்டியல்

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணை, அதாவது ஒரு தொழிலாளிக்கு வந்தால் நிர்வாகமும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியல், பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்த அதே 29 நோய்களோடு நின்றுவிட்டது. ஈய நச்சு இருக்கிறது, ஆந்த்ராக்ஸ் இருக்கிறது. கட்டடத்தின் தண்ணீர் வழியே நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா நோய் இல்லை. கிருமி நோய்க்கு இங்கே இடமில்லை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை, ஏனெனில் ஆந்த்ராக்ஸும் கிருமி நோயே.

1976இல் பிலடெல்பியா விடுதியொன்றில் முன்னாள் படைவீரர்கள் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து வெளிப்பட்ட லெஜியோனெல்லா பாக்டீரியா, 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தேங்கிய நீரில், குழாயின் உட்புறம் படியும் வழுவழுப்பான உயிர்ப்படலத்தில் பெருகுகிறது. நுண்துளிகளாகச் சிதறும் அந்நீரைச் சுவாசிப்பவருக்கு நிமோனியா வருகிறது. நாகரசம்பட்டியை அடுத்த போச்சம்பள்ளி சிப்காட்டிலிருந்து ஓசூர் வரை, ஆலைகளின் கூலிங் டவர்களும், தொழிலாளர் விடுதிகளின் மொட்டைமாடித் தொட்டிகளும் இந்த வெப்பநிலைக்குள்தான் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கின்றன. ஆடி மாத மூட்டத்தில் சோலார் ஹீட்டரின் நீர் கிருமியைக் கொல்லும் 60 டிகிரியை எட்டாமல் வெதுவெதுப்பாகவே நிற்க, உப்புத்தண்ணீரின் படிவு அடியில் தங்கி, யாரும் திறக்காத குழாய்க் கிளைகளில் நீர் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. நீர் எங்கே தேங்குகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, குழாய்முனையில் குளோரின் மிஞ்சுகிறதா என்பனவே அபாய மதிப்பீட்டின் முதல் கேள்விகள். அவற்றுக்கு ஒரு வெப்பமானியும் ஒரு குளோரின் சோதனைப் பெட்டியும் போதும்.

கேள்விகளை யாரும் கேட்காததற்குக் காரணம், நோய் கணக்கில் வராததே. சாதாரண எக்ஸ்ரேயில் இது மற்ற நிமோனியாவைப் போலவே தெரிகிறது. தனியான சிறுநீர்ச் சோதனை செய்தாலன்றிப் பெயர் வெளிப்படுவதில்லை. பெனிசிலின் வகை மருந்துகளுக்கு இது கட்டுப்படுவதும் இல்லை. தொற்றிய இரண்டு முதல் பதினான்கு நாள்களுக்குள் காய்ச்சல் காண்பதால், ஓசூரில் மூச்சிழுத்த ஒடிசாத் தொழிலாளி ஊர் திரும்பிய பிறகே படுக்கையில் விழலாம். அப்போது அந்த விடுதித் தொட்டியை எவர் சந்தேகிப்பார்? சிதறிக் கிடக்கும் இத்தகைய நோயாளிகளை ஒரே தொட்டியோடு முடிச்சுப் போட, கட்டாய அறிவிப்பைத் தவிர வேறு கருவி இல்லை. 2003–04இல் பிரான்சின் ஆர்ன் நகரில் பெட்ரோ ரசாயன ஆலையொன்றின் குளிர்விப்புக் கோபுரம் ஆறு கிலோமீட்டருக்கும் அப்பால் நோயைப் பரப்பி, 86 பேரைத் தாக்கி 18 பேரைக் கொன்றது. அங்கே அறிவிப்பு கட்டாயமாக இருந்ததால்தான் கோபுரம் அகப்பட்டது. இங்கே அப்படியொன்று நேர்ந்தால், அது பருவமழைக் காய்ச்சல் என்றே பதிவாகும்.

பட்டியலில் இடம்பிடித்தவை மட்டும் காப்பாற்றப்பட்டனவா என்றால், அதுவும் இல்லை. பாதரச நச்சு எப்போதோ அட்டவணையில் ஏறிவிட்டது. ஆயினும் கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டபின், அதன் தொழிலாளர் தீர்வு காண 2016 வரை காத்திருந்தனர். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலைத் தொழிலாளர் விடுதியில் பெண்கள் உணவு நஞ்சால் பாதிக்கப்பட்டபோது, விடுதிகளின் அவலம் பொதுவெளிக்கு வந்தது நெடுஞ்சாலை மறியலால்தானே தவிர, எந்த அதிகாரியின் அறிக்கையாலும் அல்ல. அதற்கு முன்பே இந்தத் தொகுப்பை இயற்றிய ஆட்சிப்பீடங்களோ, மின்விசையில் இயங்கும் ஆலைக்கு 10 தொழிலாளர் என்றிருந்த வரம்பை 20 ஆக உயர்த்திச் சிறு பட்டறைகளை வெளியே தள்ளின. ஆய்வாளருக்கு ‘வசதி செய்து தருபவர்’ என்ற பட்டத்தையும் ஒட்டின. 2020இல் நிறைவேறிய சட்டத்தை ஐந்தாண்டு அடைகாத்தவர்களுக்கு, ஒரு நோயின் பெயரைச் சேர்க்க அவகாசம் கிடைக்கவில்லை என்பதை எவர் நம்புவார்?

அட்டவணை விரிவாக்கப்பட வேண்டும். தண்ணீர் அமைப்புகளைச் சோதிக்கும் பொறுப்பு உரியவர்களிடம் உரிய முறையில் ஒப்படைக்கப்பட வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புதிய விடுதிகளின் மாடிகளில் தொட்டிகள் ஏற்றப்பட்டுக் கொண்டிருக்கும்போதே அது நடந்தாக வேண்டும்.