பொருநைக் கரையில் ஐந்து கோடி ஆண்டுகளுக்குப் பின்

சிங்க உடலும் யானைத் துதிக்கையும் பிதுங்கிய கண்களுமாகக் கோயில் தூண்களில் நிற்கும் யாளியைப் பார்க்காதவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. நெல்லையப்பர் கோயில் மண்டபங்களில் அர்ச்சகரைக் காண்பதற்கு முன் யாளியைக் கண்டுவிடலாம். எந்தக் காட்டிலும் திரியாத ஒரு விலங்கை, நேற்றுத்தான் நேரில் பார்த்துவிட்டு வந்தவன்போல் செதுக்கினானே அந்தச் சிற்பி, அவனை வியக்காமல் இருக்க இயலுமா? இல்லாத விலங்கை எண்ணிப் பார்க்கும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. ஆயினும் இனிமேல் இம்மண்ணில் தோன்றப் போகும் விலங்கு எப்படி இருக்கும் என்று எண்ணுவது சற்று வேறான வேலை. அதற்குக் கற்பனை மட்டும் போதாது. கொஞ்சம் விலங்கியல் வேண்டும். கொஞ்சம் கணக்கு வேண்டும். சொந்த ஊரைப் பற்றிய அறிவும் வேண்டும்.

மேல்நாட்டில் இவ்வேலையைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. எச்.ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய கால யந்திர நாவலில், கதைத்தலைவன் உலகத்தின் அந்திப் பொழுதில் ஒரு கடற்கரையில் போய் இறங்குகிறான். அங்கே மேசை அளவுள்ள நண்டுகள் ஊர்ந்து வருகின்றன. டூகல் டிக்சன் என்பவர் 1981இல் 'மனிதனுக்குப் பின்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு படநூல் வெளியிட்டார். காலம்: இன்றிலிருந்து ஐந்து கோடி ஆண்டு. மனிதன் மறைந்துவிட்டான், அவனோடு பெரிய விலங்குகளும் மறைந்துவிட்டன. மானின் இடத்தில் முயலின் வழித்தோன்றல் மேய்கிறது. எலியின் வழித்தோன்றல் ஓநாய்போல் வேட்டையாடுகிறது. படித்தால் சிரிப்பு வரும். சற்று நேரம் கழித்துச் சிரிப்பு அடங்கும். ஏனெனில் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. டிக்சன் உலகம் முழுவதையும் சுற்றினார். நாம் பொதிகைக்கும் புன்னைக்காயலுக்கும் இடையே நின்றால் போதும்.

முதலில் கணக்கு. ஐந்து கோடி ஆண்டு என்று சொல்லிவிடுவது எளிது. மனத்தில் வாங்குவது கடினம். தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். அந்த நீளத்தையே ஐந்து கோடி ஆண்டாக வைத்துக்கொள்வோம். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் 3,200 ஆண்டுப் பழமையுடையது என்று 2021இல் அறிவித்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அந்த 3,200 ஆண்டு இந்த ஆற்றில் எட்டு மீட்டர். ஒரு படித்துறையின் அகலம். மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டு என்பர். அது முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எழுபது ஆண்டு வாழும் ஒருவரின் ஆயுளோ ஒரு சாணுக்கும் குறைவு. இந்த அளவுகோலை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இரண்டாவது, சிற்பி செய்ததை இயற்கை செய்யாது. சிங்கத்தின்மேல் துதிக்கையைக் கொண்டுவந்து ஒட்டும் உரிமை கல்லில் மட்டுமே உண்டு. உயிருள்ள விலங்கு தன் தாயினின்றும் சிறிதே மாறலாம், அந்தச் சிறிது, பிழைப்புக்கு உதவினால் தங்கும், இல்லையேல் போகும். ஒவ்வொரு தலைமுறையும் பிழைத்தாக வேண்டும். ஆகவே வருங்கால விலங்கு எதுவாயினும், அதன் பாட்டி இன்று எங்கோ இரை தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் யார் என்பதே கேள்வி.

அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் கடற்கரையே சான்று. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் கயிறு கட்டிக் கடலுக்குள் இழுத்து விட்டனர். பல திரும்பவும் கரைக்கே வந்தன. 1973இலும் மணப்பாட்டில் இவ்வாறு நிகழ்ந்தது. அத்தனை பெரிய உடலின் மூதாதை யார்? ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்னும் இந்திய நிலவியலறிஞர் சேர்த்து வைத்திருந்த பாறைகளுக்குள் ஓர் உயிரின் எலும்புகள் இருந்தன. இண்டோஹியஸ் என்று பெயர். காலம் ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பூனை அளவு, குளம்புக் கால், சருகுமான் போன்ற தோற்றம், அச்சம் வந்தால் நீருக்குள் பதுங்கும் இயல்பு. திமிங்கிலத்தின் முன்னோருக்கு மிக நெருங்கிய உறவு இதுவே என்று 2007இல் எழுதினார்கள். அன்று அந்த ஓடைக் கரையில் நம்மில் ஒருவர் நின்றிருந்தால், 'இதன் சுற்றத்தார் ஒரு நாள் மணப்பாட்டுக் கடலில் நீந்துவர்' என்று சொல்லியிருப்போமா? 'பாவம், புலிக்கு ஒரு வாய் இரை' என்றுதான் சொல்லியிருப்போம். (அன்று புலியும் இல்லை, அது வேறு.)

சரி, இன்றைய பொருநைக் கரையில் யாரைச் சுட்டுவது? என் முதல் வாக்கு பெருச்சாளிக்கு. எதையும் தின்னும், எங்கும் வளை தோண்டும், மனிதன் குப்பை கொட்டும் இடமெல்லாம் அதற்குச் சத்திரம். ஆடும் மாடும் மானும் ஒரு காலத்தில் இல்லாமற் போனால், ஆற்றங்கரைப் புல்லை மேய ஆள் வேண்டுமே? கால் நீண்டு, நகம் தடித்துக் குளம்பாகி, கூட்டங்கூட்டமாக மேயும் பெருச்சாளிப் பரம்பரை ஒன்றை என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. இது வெறுங்கனவன்று. தென்னமெரிக்காவில் ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள கேப்பிபாராவும், சிறு மான்போல் கால் நீண்ட மாராவும் இன்றே உலவுகின்றன. இரண்டும் கொறித்துத் தின்னும் இனமே.

அடுத்து மயில். மானாவாரி விவசாயியைக் கேட்டால் மயிலைப் பற்றி முருகனிடமே முறையிடுவார், அவ்வளவு பெருகிவிட்டது. பகைவன் இல்லாத தீவுகளில் பறவைகள் பறப்பதை விட்டுவிட்டன. மொரீஷியஸ் தீவின் டோடோ உண்மையில் ஒரு புறா. நம் மயிலும் அவ்வாறு தரையோடு தங்கிவிடுமா? ஆகாது என்பது என் கருத்து. தெருநாய் உள்ளவரை மயில் இறக்கையைக் கைவிடாது. வருங்கால உயிர்களின் வடிவத்தை முடிவு செய்வதில் நம் தெருநாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்று அறிக.

நீருக்குள் பார்த்தால் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பதால் பிள்ளைச் சேதம் குறைவு. நம் குளங்களில் இதைக் காணாத குளம் அரிது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இதன் உறவு மீன்கள் ஏறத்தாழ 15,000 ஆண்டுகளில் சுமார் 500 இனங்களாகக் கிளைத்தன. பாசி சுரண்டுவது ஒன்று, நத்தை உடைப்பது ஒன்று, பிற மீனைத் தின்பது ஒன்று என்று தொழில் பிரித்துக்கொண்டன. நம் அளவுகோலில் அது நாற்பது மீட்டருக்கும் குறைவு! அப்படியானால் நம் குளங்களிலும் நடக்குமா? இங்கே ஒரு தடை உள்ளது. நம் கால்வாய்க் குளங்கள் சங்கிலித் தொடர். மேற்குளம் மறுகால் பாய்ந்தால் கீழ்க்குளத்துக்கு நீரோடு மீனும் வரும். கோடையில் குளம் வற்றிவிடும். கலந்துகொண்டே இருப்பவை பிரிந்து வளர்வதில்லை. உழவனுக்கு நன்மை செய்யும் ஏற்பாடு புது இனம் பிறப்பதற்கு உதவாது.

பிரிவு என்றேன். இதுதான் இப்பொருளின் உயிர்நாடி. புதிய இனம் பிறக்க வேண்டுமானால் பழைய இனம் இரண்டாகப் பிரிந்து, நெடுங்காலம் ஒன்றையொன்று காணாமல் வாழ வேண்டும். அந்தப் பட்டறை நம் மேற்கே இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு ரயிலில் போகிறவர்கள் குகைகளை எண்ணுவார்கள்; சன்னலோரச் சண்டை போடுவார்கள். அந்தப் பள்ளம் மலைப் பறவைக்கு ஒரு கடல் என்பதை எத்தனை பேர் அறிவோம்? உயர்ந்த சோலையின் குளிரிலும் நிழலிலும் வாழும் சிறு பறவை வெப்பம் மிகுந்த தாழ்வான கணவாயைக் கடப்பதில்லை. வடக்கே இருந்தவை வடக்கே, தெற்கே இருந்தவை தெற்கே என்று காலங்காலமாக நின்றுவிட்டன. கருநீல மேனியும் வெள்ளை வயிறும் கொண்ட ஒரு சோலைப் பறவையின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், கணவாய்க்குத் தெற்கே உள்ளது தனி இனம் என்று 2017இல் அறிவித்தார்கள். அசம்பு மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அசம்புச் சோலைக்கிளி. (பெயரில் கிளி உண்டு, பச்சைக்கிளியோடு உறவில்லை.) உலகில் வேறெங்கும் இல்லை, பொருநை பிறக்கும் மலைத்தொடரில் மட்டுமே உண்டு.

அதே 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவிலிருந்து ஒரு தவளை அறிவிக்கப்பட்டது. மறைந்த விலங்கியலறிஞர் பூபதியின் பெயர் அதற்கு. 2003இல் கேரளப் பக்கத்தில் அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளையின் உடன்பிறப்பு. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழைக்காலத்தில் சில நாள் வெளியே வரும். மலைக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. இந்தக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவினர் இந்தியப் பெருங்கடலின் செய்ஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றனர். டைனோசர்கள் அழிந்த 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முந்திய பேரழிவையும் இக்குடும்பம் கடந்து வந்திருக்கிறது. பெரிய உடலும் கூரிய பல்லும் அன்று கைகொடுக்கவில்லை. மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பழக்கம் கைகொடுத்திருக்கலாம்.

ஆகவே சிலர் சொல்வதுண்டு: 'இயற்கை எதையும் தாங்கும். யானை போனால் பெருச்சாளி வளரும். சோலைமந்தி போனால் வேறொன்று மரமேறும். நீங்கள் ஏன் வருந்துகிறீர்கள்?' டிக்சனின் நூலை மேலோட்டமாகப் படித்தவர்களுக்கு இந்த ஆறுதல் மிகவும் பிடித்துப்போகிறது. நான் இதை மறுக்கிறேன். டைனோசர் கால அழிவுக்குப் பின் உயிர்வகை பழையபடி நிரம்ப ஒரு கோடி ஆண்டு வரை ஆயிற்று என்பர். நம் அளவுகோலில் 25 கிலோமீட்டர். பொதிகை உச்சியிலிருந்து ஆறு சமவெளியைத் தொடும் தொலைவு. ஆனால் அழிக்க எவ்வளவு வேண்டும்? மொசாம்பிக் நாட்டின் கொரொங்கோசாவில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். தந்தத்துக்காக யானைகளைக் கொன்றார்கள். பத்தில் ஒன்பது அழிந்தன. போருக்கு முன் பெண் யானைகளில் தந்தமற்றவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. போருக்குப் பின் பாதி. பதினைந்தே ஆண்டு, ஆற்றின் நீளத்தில் நான்கு விரற்கடைகூட இல்லை. அதற்குள் ஒரு யானை மந்தையின் உருவத்தைத் துப்பாக்கி திருத்தி எழுதிவிட்டது. ஆக்குவதற்கு ஆறு முழுதும் வேண்டியிருக்கிறது. அழிக்க ஒரு சாண் மிகுதி.

நம் மலையில் அந்தச் சாண் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. 1988இல் களக்காடு, முண்டந்துறை இரண்டும் இணைந்து புலிகள் காப்பகம் ஆயின. அது நல்ல செய்தி. ஆயினும் சோலைமந்தி மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழும் குரங்கு. வெடிபலா மரம் அதற்கு அன்னசாலை. கிளை விட்டுக் கிளை தாவ இடமில்லாமல் தேயிலைத் தோட்டம் குறுக்கிட்டால் அதற்கு வழி அடைபடும். மாஞ்சோலையில் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட நிலத்தின் கெடு 2028இல் முடிகிறது. 2024இலேயே தோட்டத் தொழில் நிறுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களை மலையிலிருந்து இறக்கிவிட்டு, அவர்களுக்கு வீடும் பிழைப்பும் கிடைத்தனவா என்று கேட்காமல், குரங்குக்கு வழி கிடைத்தது என்று மகிழ என்னால் இயலாது. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். அங்கே காடு மீண்டும் எழுந்து, துண்டுபட்ட சோலைகள் கிளையோடு கிளை சேருமானால், சோலைமந்தியின் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் முழு ஆறும் இருக்கிறது. சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வால்பாறைப் பக்கம் ஒரு குறிப்பு உண்டு. புதுத்தோட்டத்தில் இக்குரங்குகள் சாலையில் நடக்கின்றன. வீட்டு அடுக்களையில் புகுகின்றன.

சோலைக்கிளியின் நிலை இன்னும் கடினம். வெப்பம் ஏற ஏறக் குளிரை நாடி மேலே போக வேண்டும். அகத்தியமலையின் உயரம் 1,868 மீட்டர். அதற்குமேல் மலை இல்லை.

இதில் நாம் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2011இல் தொடங்கிய தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் குளங்குளமாக நடக்கிறது. மாணவர்களும் சென்று எண்ணுகிறார்கள். மீனுக்கு அப்படி ஒரு நோட்டு நம் கல்லூரியில் இல்லை. சித்திரை, வைகாசியில் ஆறு மெலிந்து ஓடும்போது குறுக்குத்துறையிலும் கொக்கிரகுளத்திலும் வலை வீசுவோரின் கூடையைப் பார்த்து, அயிரை எத்தனை, விரால் எத்தனை, ஜிலேபி எத்தனை என்று ஆண்டுதோறும் எழுதி வரலாம். விலங்கியல் துறை ஆசிரியர்கள் இசைந்தால் வரும் கோடையிலேயே தொடங்கலாம். முதல் நோட்டின் விலையை நான் கொடுக்கிறேன்.