பேசக் கற்றுக் கொடுத்தோமா?

சின்னசேலத்தை அடுத்த கனியாமூர். 2022 ஜூலைக்கு முன் அக்கம்பக்கத்தாரைத் தவிர அதிகம் பேர் அறியாத ஊர். இன்று தமிழகம் முழுவதும் அறிந்த ஊர்!

2022 ஜூலை 13 அன்று, அங்குள்ள தனியார் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி ஒருவர் இறந்து கிடந்தார். நான்கு நாட்கள் கழித்து, ஜூலை 17 ஞாயிற்றுக்கிழமை, பெருங்கூட்டம் ஒன்று பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன. வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. மாணவர்களின் சான்றிதழ்களும் தீக்கு இரையாயின. போலீசார் காயமடைந்தனர். 144 தடை உத்தரவு போடப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

அந்த மாணவியின் மரணம் எப்படி நேர்ந்தது என்பது நீதிமன்றத்திற்கு உரிய விஷயம். வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் ஒப்படைக்கப்பட்டது. அதில் நாம் தீர்ப்பு எழுதப் போவதில்லை. நமது கேள்வி வேறு.

நியாயம் கேட்டுத்தானே அந்த இளைஞர்கள் போனார்கள்? அப்படியானால் இன்னொரு பிள்ளையின் சான்றிதழை எரித்தது எந்த நியாயத்தில் சேரும்? வாட்ஸ்அப் குழுக்கள் மூலம் ஆள் திரட்டப்பட்டதாகப் போலீசார் கூறினார்கள். கைக்கு வந்த செய்தி உண்மையா என்று ஒரு நிமிடம் நிதானித்துக் கேட்கவும், கோபத்தை மனுவாகவும் அமைதியான போராட்டமாகவும் மாற்றவும் அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? பள்ளியா? வீடா? நாமா?

யாருமில்லை என்பதுதான் கசப்பான உண்மை!

மௌனமும் ஒரு நோயே

கை ஓங்கும் பிள்ளையைப் பார்த்துப் பதறுகிறோம். வாய் திறக்காத பிள்ளையையோ 'நல்ல பிள்ளை' என்று மெச்சுகிறோம். இரண்டும் ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்பதை நாம் உணரவில்லை. மனதில் இருப்பதை வார்த்தையாக்கத் தெரியாதபோது ஒருவன் கல்லை எடுக்கிறான்; இன்னொருவன் தனக்குள்ளேயே நொறுங்குகிறான்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்து கொண்டார்கள். இது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. சராசரியாக நாளொன்றுக்கு 35-க்கும் மேற்பட்டோர்!

விடுதியிலிருந்து போனில் அழும் மகளுக்கு நாம் சொல்லும் பதில் என்ன? 'இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.' அத்தோடு அந்தப் பிள்ளையின் வாய் அடைபட்டுவிடுகிறது. அடுத்த முறை அவள் அழமாட்டாள். நாமும் 'பழகிவிட்டாள்' என்று நிம்மதி அடைவோம்.

2021 நவம்பரில் கோவையிலும் கரூரிலும் பள்ளி மாணவிகள் இருவர், பாலியல் தொல்லையைப் பற்றிக் கடிதம் எழுதி வைத்துவிட்டு மறைந்தார்கள். அவர்கள் உயிரோடு இருந்தபோது காப்பாற்ற நம் வீடுகளாலும் பள்ளிகளாலும் முடியவில்லை. 2012-இல் வந்த போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு. ஆனால், பிள்ளை சொன்னால்தானே பெரியவர் அறிய முடியும்? 'என்னைத் தொடாதே' என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்பதையே நாம் அதற்குச் சொல்லித் தரவில்லையே! ஆண் பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும். அடுத்தவர் 'வேண்டாம்' என்றால் அத்தோடு நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

கேடயம் யாருக்கு?

பள்ளிகளில் கற்றுத்தர வேண்டிய பத்து வாழ்க்கைத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் 1990-களிலேயே பட்டியலிட்டது. தன்னை அறிதல், பிறர் துன்பத்தை உணர்தல், தெளிவாகப் பேசுதல், உறவுகளைப் பேணுதல், மன அழுத்தத்தையும் உணர்ச்சிகளையும் கையாளுதல் ஆகியவை அவற்றில் சில. முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் ஊர்ப் பள்ளிகளின் கால அட்டவணையில் இதற்கென்று வாரம் ஒரு மணி நேரம் உண்டா? இருக்கும் விளையாட்டுப் பிரிவேளையைக்கூட கணக்கு ஆசிரியர் வாங்கிக் கொள்கிறார்!

அரசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிளஸ் டூ தேர்வில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் தமிழக அரசு கைவிட்டது. நாம் கைவிட்டோமா? ஜமாஅத் சார்பில் பரிசளிப்பு விழா வைக்கிறோம். அதிக மதிப்பெண் எடுத்தவருக்குக் கேடயம் தருகிறோம். நல்லதுதான். தோற்ற பிள்ளையின் வீட்டுக் கதவை அன்றைக்கு யாராவது தட்டினோமா? அந்தப் பிள்ளைக்கு அல்லவா அன்று நாம் தேவைப்பட்டோம்?

அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வைத்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் பெட்டியில் சீட்டுப் போடுவதற்கும் பிள்ளைக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு வீட்டில்தான் பிறக்கும்.

எனவே, வாசகர்களே! பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது செல்போனை ஓரமாக வையுங்கள். 'எத்தனை மார்க்?' என்பதற்குப் பதிலாக 'இன்று எப்படி இருந்தாய்?' என்று கேளுங்கள். பிள்ளை பேசும்போது குறுக்கே உபதேசம் செய்யாதீர்கள். கூட்டமாகக் கிளம்பும் இளைஞனிடம் 'இந்தச் செய்தியை யார் சொன்னது?' என்று கேளுங்கள். ஊரில் ஒரு மனநல ஆலோசகரை அழைத்து மாதம் ஒருமுறை மாணவர்களோடும் பெற்றோரோடும் பேச வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416 ஆகிய இரண்டையும் பிள்ளைகளின் நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

கனியாமூரில் எரிந்த பேருந்துகளுக்குப் பதில் புதிய பேருந்து வாங்கிவிடலாம். எரிந்த சான்றிதழுக்கும் நகல் கிடைத்துவிடும். ஒரு வழக்கில் சிக்கிய இளைஞனின் இழந்த ஆண்டுகள் கிடைக்குமா? போன பிள்ளைதான் திரும்புமா?

நம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்க இன்று இரவே உட்காருவோமா?