மஞ்சள் விளக்கு சொல்வது யாது?

வன்னிப் பெருநிலத்தில் இன்று ஓடும் மோட்டார் கார்களிற் பல தம் இளமையை யப்பானிலே கழித்தவை. அங்கே யாரோ ஒரு குடும்பத்துக்கு உழைத்து, பின் கப்பலேறி இலங்கையில் இறங்கி, ‘ரீகண்டிஷன்’ என்னும் புதுப்பெயர் பூண்டு, ஏ-9 வீதி வழியாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய வண்டியைக் கழித்துவிட எவருக்கும் மனம் வரவில்லை. கழித்தால் மாற்று ஏது? ஆகவே 20 வயதும் 25 வயதும் கடந்த கொரொல்லாக்களும் சன்னிகளும் முல்லைத்தீவின் செம்மண் வீதிகளிலே பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளரையும் நெல் மூடைகளையும் இன்னும் சுமந்து திரிகின்றன.

இவ்வண்டிகளின் முகப்பிலே, ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே, இயந்திரத்தின் உருவம் வரைந்த சிறு மஞ்சள் விளக்கொன்று உண்டு. அது எரியத் தொடங்கியதும் வீட்டிலே கலக்கம் தொடங்குகிறது. சிலர் அன்றே கராச்சுக்கு ஓடுவர். சிலர், “வண்டி ஓடுகிறதுதானே” என்று வாளா இருப்பர். இன்னுஞ் சிலர் விளக்கின்மேல் ஒரு துண்டு கறுப்பு நாடாவை ஒட்டிவிட்டு நிம்மதி அடைவர். காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் தீர்ந்தது என்று சொல்லும் கூட்டத்தார் இவர்.

உயர்தர வகுப்பிலே தொழினுட்பம் பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினா விடுத்தார். “சேர், அந்த விளக்குக்கு ஒரு குறியெண் இருக்குதாம். எண் தெரிந்தால் எந்தச் சாமானை மாற்றவேணும் என்பதும் தெரியுந்தானே?” தெரியாது என்பதே விடை. ஆயினும் ஊரிற் பலரும், திருத்துநர் சிலருங்கூட, தெரியும் என்றே எண்ணுகின்றனர். இந்த எண்ணத்துக்குப் பல குடும்பங்கள் பணமாக விலை கொடுத்து வருதலின், இவ்வாரம் அதுபற்றியே எழுதத் துணிந்தேன்.

இவ்விளக்கே இல்லாத காலமொன்று இம்மண்ணில் இருந்தது. 1990களிலே எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது, ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய ஆங்கிலக் கார்கள் இங்கும் யாழ்ப்பாணத்திலும் மண்ணெண்ணெயில் ஓடியதை நடுவயது கடந்தோர் மறந்திரார். குளிர்ந்த இயந்திரத்திலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடேறிய பின்பே மண்ணெண்ணெயை விடுவர். அவ்வண்டிகளின் அமுக்க விகிதம் குறைவாக இருந்தமையால் அது கைகூடிற்று. அக்காலத் திருத்துநருக்கு முதற்கருவி அவருடைய செவி. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒவ்வொரு பிளக்கின் வயராகக் கழற்றுவார்; எதைக் கழற்றும்போது ஓசையில் மாற்றம் நேரவில்லையோ, அந்த உருளையே வேலை செய்யாதது என்று முடிவுகட்டுவார். இந்த முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதன் பேரப்பிள்ளை ஒன்றைச் சந்திக்கப்போகிறோம்.

2002 இல் ஏ-9 வீதி திறந்தபோதும், 2009 இன் பின்னரும் வடக்கே வந்த யப்பானிய வண்டிகளிற் பலவற்றில் காபரேற்றர் இல்லை. அதன் இடத்தை ஒரு சிறு கணினி பிடித்திருந்தது. இயந்திரத்தின் வெப்பம், உள்ளே இழுக்கப்படும் வளியின் அளவு, வெளியேறும் புகையில் எஞ்சிய ஒட்சிசன் ஆகியவற்றை உணரிகள் மூலம் அறிந்து, எவ்வளவு பெற்றோல் தெளிக்கவேண்டும் என்று கணத்துக்குக் கணம் தீர்மானிப்பது அக்கணினியே. உணரி ஒன்றிலிருந்து நம்பத்தகாத செய்தி வந்தால் அதை ஓர் எண்ணாகக் குறித்துவைத்துக்கொண்டு விளக்கை ஏற்றும்.

விளக்குப் பிறந்த கதையும் அறியத்தக்கது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கவிந்த புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளின் புகை பெருங்காரணம் என்பதை 1950களின் தொடக்கத்திலே ஹாகன்-ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர் ஆராய்ந்து காட்டினார். அதன் வழியே வளர்ந்த சட்டங்களின் பயனாக, கணினி தன் பிழையைத் தானே கண்டு விளக்கேற்றவேண்டும் என்னும் விதி கலிபோர்னியாவில் 1988 ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 1996 முதல் ஐக்கிய அமெரிக்கா முழுவதிலும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வகைச் செருகியும் ஒரே வகைக் குறியெண்களும் கட்டாயமாயின. ஆகவே இவ்விதிகள் காக்க முனைந்தது ஓட்டுபவர் வசதியை அன்று; ஊரார் மூச்சையே. வண்டி நன்றாக ஓடும்போதும் விளக்கு எரிவதற்கு இதுவே காரணம்.

யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டிகளை அந்த அமெரிக்க விதி கட்டுப்படுத்தவில்லை. ஆதலின் 1990களின் வண்டிகள் ஒவ்வொரு நிறுவனத்தின் தனி வழக்கையே பேசும். ரொயோட்டாவின் முன்மூடியைத் திறந்தால் ஒரு சிறு பெட்டி தென்படும். அதன் மூடியின் உட்புறத்தில் முனைகளின் பெயர்கள் பொறித்திருக்கும். ரீ.ஈ.1, ஈ.1 என்னும் இரு முனைகளையும் சிறு வயரால் இணைத்து, இயந்திரத்தை இயக்காமல் திறப்பை மட்டும் திருப்பினால் மஞ்சள் விளக்கு மினுக்கத் தொடங்கும். ஓய்வின்றி ஒரே சீராக மினுக்கினால், குறை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். இரண்டு முறை மினுக்கி, ஒன்றரை வினாடி ஓய்ந்து, மீண்டும் ஒரு முறை மினுக்கினால் 21. அது ஒட்சிசன் உணரியைப் பற்றியது. 31 வளியளவு பற்றியது. 52 இயந்திரத் தட்டொலியை உணரும் கருவி பற்றியது. தபாற் கந்தோரில் தந்தி கேட்டுப் பழகிய முதியவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்திற் கற்றுக்கொள்வார். நிஸ்ஸானில் கணினிப் பெட்டியிலேயே திருகுமுனையால் திருப்பும் ஏற்பாடு உண்டு. அங்கே 55 வந்தால் குறை இல்லை. ஹொண்டாவில் நீண்ட மினுக்கு பத்தையும் குறு மினுக்கு ஒன்றையும் குறிக்கும். பழைய டீசல் வான்களிற் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் எரிபொருட் பம்பி கணினியை அறியாதது. மாணவருக்கு ஓர் எச்சரிக்கை: மாறான முனைகளை இணைத்தாற் கணினியே எரிந்துபோகக்கூடும். பெயர் தெளிவாகத் தெரியாவிடில் வயரைத் தொடாதீர்கள்.

இனி 22 என்னும் எண்ணைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இது குளிர்நீரின் வெப்பத்தை அறியும் உணரியைப் பற்றியது. அவ்வுணரிக்குள் இருப்பது வெப்பம் ஏற ஏறத் தடை குறையும் ஒரு சிறு துண்டு. 20 பாகை செல்சியசில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும் தடை, 80 பாகையில் 200 முதல் 400 ஓமுக்கு இறங்கிவிடும். வகுப்பறையில் மனனம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் ஓமின் விதி, இங்கே பெற்றோற் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! கம்பி எங்காவது அறுந்தால் மின்சுற்றுத் திறந்துவிடும். நீர் பனிக்கட்டியிலும் குளிர்ந்துவிட்டது போன்ற செய்தி கணினிக்குப் போகும். கணினி அதை நம்பாமல் 22 என்று எழுதிவைத்து, வெப்பம் 80 பாகை என்று தானே வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டும். காலைக் குளிரில் இயக்க வருத்தும், மற்றப்படி ஓடும்.

இவ்வெண் வந்த கார் ஒன்றை நான் அறிவேன். உடையவர் அதை ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனார், உணரியை மாற்றினார்கள். மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. முதலிற் போட்டது தரமற்றது என்று சொல்லி, கொழும்பிலிருந்து வேறொன்று தருவித்து மாற்றினார்கள். விளக்கு மீண்டும் எரிந்தது. அடுத்து மாற்றவேண்டியது கணினியே என்ற பேச்சு எழுந்தபோது, மண்ணெண்ணெய்க் காலத்திலே தொழில் பழகிய முதியவர் ஒருவரிடம் வண்டி போயிற்று. அவர் உணரியைப் பாராமல், அதிலிருந்து புறப்படும் வயரை விரலாலே தடவிக்கொண்டு போனார். ஒரு சாண் தூரத்தில் எலி கடித்திருந்தது. வண்டி நின்ற கொட்டிலிலேயே நெல் மூடைகளும் அடுக்கியிருந்தன. எலிக்கு வேறென்ன வேண்டும்? ஓர் அங்குல வயரும் சிறிது ஈயமும் செலவு.

கணினி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ‘வெப்ப உணரியின் சுற்றிலிருந்து ஒழுங்கான செய்தி வரவில்லை’ என்றுதான் அது சொன்னது. ‘உணரி பழுது’ என்று படித்தவர் மனிதர். பாடசாலை வரவுப் பதிவேட்டில் ஒரு பிள்ளைக்கு ‘வரவில்லை’ என்று இட்டிருந்தால், அப்பிள்ளைக்குக் காய்ச்சலா, பேருந்து தவறியதா, வீட்டில் அறுவடையா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல இயலுமோ? வீட்டுக்கு ஆளனுப்பி விசாரிக்கவேண்டும். குறியெண்ணும் அத்தகையதே. பல்மானி ஒன்றால் உணரியின் தடையை அளந்து பார்ப்பதே இங்கு விசாரணை. அளக்காமல் மாற்றுபவர் ஊகத்துக்குப் பிறர் காசைச் செலவிடுகிறார்.

2000இன் பின் வந்த வண்டிகளிற் பலவற்றுக்கு, ஓட்டுபவர் முழங்காலுக்கு மேலே 16 துளைகளுடைய செருகி இருக்கும். தீப்பெட்டியளவான கருவியொன்றை அதில் மாட்டினால் எண் கைத்தொலைபேசியில் தோன்றும். (யப்பானிய உள்நாட்டு வண்டிகளிற் சில, துளை பதினாறும் இருந்தும் அக்கருவிக்கு வாய் திறவா. அதனால் வண்டி பழுதென்றோ கருவி பழுதென்றோ சண்டையிட வேண்டியதில்லை. மொழி வேறு, அவ்வளவே.) இங்கே எண்ணுக்கு முன் ஓர் எழுத்து வரும். ‘பி’ என்றால் இயந்திரமும் கியர்ப்பெட்டியும். அடுத்த இலக்கம் 0 ஆயின் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான எண். 1 ஆயின் நிறுவனத்தின் சொந்த எண். மூன்றாம் இடத்தில் 1 அல்லது 2 எனின் எரிபொருளும் வளியும். 3 எனின் தீப்பொறி. 4 எனின் புகைக் கட்டுப்பாடு.

பி 0302 என்பதை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உருளையில் எரிதல் தவறுகிறது என்பது அதன் பொருள். கொயிலா, பிளக்கா, எரிபொருள் தெளிப்பானா என்று அது சொல்லாது. ஒவ்வோர் உருளைக்கும் தனிக் கொயில் உள்ள வண்டியாயின், இயந்திரத்தை நிறுத்தி, இரண்டாம் கொயிலை மூன்றாம் இடத்துக்கும் மூன்றாவதை இரண்டுக்கும் மாற்றிப் போட்டு, பழைய எண்ணை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். எண் 0303 என்று மாறினாற் கொயிலே குற்றவாளி. மாறாவிடிற் கொயிலை விட்டுப் பிளக்கைப் பாருங்கள். ஒரு சதமும் செலவில்லை. அன்று வயரைக் கழற்றிச் செவி கொடுத்தாரே, அந்த முறையின் பேரப்பிள்ளை இதுதான்.

பி 0171 வந்தால், எரிபொருளுக்கு வளி மிகுதி என்பது செய்தி. எமது வீதிப் புழுதி வளியளவு உணரியிலே படிந்திருக்கலாம். இறப்பர்க் குழாய் வெயிலில் வெடித்திருக்கலாம். பெற்றோற் பம்பி களைத்திருக்கலாம். உண்மையைச் சொன்ன ஒட்சிசன் உணரியைத்தான் பலர் முதலிற் கழற்றி எறிகின்றனர். பி 0420 வந்தாற் புகை சுத்திகரிப்பான் வலுவிழந்தது என்பர்; அது மிக விலையுயர்ந்த பொருள். குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் அதே எண் வரக்கூடும் என்பதை வாங்குமுன் நினைக்கவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலே வாகனத் தொழினுட்பமும் கற்பிக்கிறார்கள். எண்ணைப் படிப்பதோடு நில்லாமல் அளந்தறியும் பழக்கமும் உள்ள இளைஞர் அங்கிருந்து நம் கராச்சுகளுக்கு வருவாராயின், அவருக்குக் கொடுக்கும் கூலியை நான் மிகையென்று சொல்லமாட்டேன்.

விளக்கு எரியும் விதத்திலும் வேறுபாடு உண்டு. ஓடும்போது நிலையாக எரிந்தால், வேறு குறை தெரியாவிடில், மெதுவாக ஊர்போய்ச் சேரலாம். விட்டு விட்டு மினுக்கினால் எரிதல் கடுமையாகத் தவறுகிறது. எரியாத பெற்றோல் சுத்திகரிப்பானுக்குள் போய் அதைச் சூடேற்றி அழித்துவிடும். வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்தவேண்டும். எண்ணெய் விளக்கோ வெப்ப முள்ளோ சிவப்பைக் காட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும்; அது மஞ்சள் விளக்கின் கதை அன்று. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லோரும் வண்டியை நிறுத்துகிறோம். அந்தச் சிறு பொழுதிலே, திறப்பைக் கழற்றுமுன், முகப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்வதில் நட்டமில்லை.

பற்றரியைக் கழற்றினால் எண் பெரும்பாலும் அழிந்துவிடும். பழைய ரொயோட்டாவில் அதற்கெனக் குறித்த பியூசைப் பத்து வினாடிக்கு மேல் எடுத்துவைத்தாலும் போதும். எழுதிவைக்காமல் அழிப்பது, வைத்தியர் வருமுன் நோயாளியின் குறிப்பேட்டைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். திகதி, ஓடிய கிலோமீற்றர், எண், மாற்றிய பொருள் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். கராச் மாறினாலும் கதை மாறாது.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க ஒன்று. குறையை ஆற்றாமல், விற்குமுன் எண்ணை மட்டும் அழித்துவிடுவாரும் உளர். புதிய வகை வண்டியானால், அண்மையில் அழித்திருந்தால், கணினி தன் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று கருவியிற் காட்டும். பழைய வகையில் அந்த வசதி இல்லை. அங்கே கண்தான் கருவி. திறப்பைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரியவேண்டும். இயந்திரம் இயங்கியதும் அணையவேண்டும். தொடக்கத்திலேயே எரியவில்லையானால், விலை பேசுமுன், உள்ளே இருந்த பல்பு எங்கே போயிற்று என்று கேளுங்கள்.